வெளிமாறுகண்: நேரான விழி மீண்டும் விலகுவது ஏன்?

மாறுகண்ணைச் சத்திர சிகிச்சையால் நேராக்கலாம் என்பதில் இன்று எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அப்படி நேராக்கிய கண் எத்தனை காலம் நேராக நிற்கும் என்று கேட்டால், அந்த வித்தையில் கைதேர்ந்த நிபுணர்களே சற்றுத் தயங்கித்தான் விடை சொல்கிறார்கள். விழி மூக்குப் புறமாகத் திரும்பாமல் காதுப் புறமாக விலகி நிற்கும் வெளிமாறுகண்ணில் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். சிகிச்சை முடிந்த மறுவாரம் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த குடும்பம், இரண்டொரு ஆண்டுகள் சென்றபின், பள்ளி விட்டுக் களைத்து வந்த ஒரு மாலையில் அதே கண் பழையபடி ஒதுங்குவதைக் கண்டு, வைத்தியர் ஏதோ பிசகு செய்துவிட்டார் என்று மனம் கலங்குவது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியம். அந்தக் கலக்கத்திற்கு நியாயம் உண்டா, மறுவிலகலுக்குக் காரணம் கத்தியா, தசையா, அன்றி இவ்விரண்டுக்கும் அப்பாலுள்ள வேறொன்றா என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் சுபாவம்

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றுள் உள் நேர்த்தசை விழியை மூக்கை நோக்கியும், வெளி நேர்த்தசை காதை நோக்கியும் இழுக்கின்றன. இவ்விரண்டின் இழுப்பும் சமமாயிருந்தால் விழி நேராக நின்றுவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் விஷயம் அத்தனை எளிதன்று. ஆழ்ந்த மயக்க மருந்தின் வசப்பட்ட மனிதனின் விழிகள் பெரும்பாலும் சற்று வெளிப்புறமாகவே சாய்ந்து நிற்கின்றன. விழித்திருக்கும்போது அவை ஒரே பொருளின்மீது ஒருங்கே பதிந்திருப்பது, இரு கண்களிலும் விழும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகக் காண வேண்டும் என்பதற்காக மூளை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு முயற்சியின் பயன். இந்த இணைவுச் சக்தியை 1903-இல் வெளிவந்த தம் நூலில் படிநிலைகளாக வகுத்துக் காட்டிய கிளாட் வொர்த் என்ற ஆங்கிலேய நிபுணர், மாறுகண்ணின் மூலத்தையே அந்தச் சக்தியின் குறைபாட்டில்தான் தேடினார்.

குழந்தைகளிடம் காணப்படும் வெளிமாறுகண்ணில் பெரும்பகுதி எப்போதும் நிலைத்திருப்பதன்று, விட்டுவிட்டுத் தோன்றுவது. குழந்தை உற்சாகமாயிருக்கும்போது கண்கள் நேராயிருக்கும். காய்ச்சலிலும், தூக்கக் கலக்கத்திலும், எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையிலும் ஒரு கண் ஒதுங்கும். தொலைவில் பார்க்கும்போது விலகல் மிகுதியாகவும், அருகில் பார்க்கும்போது குறைவாகவும் இருப்பது பலரிடம் காணப்படுவது. வெயிலில் இறங்கியதும் ஒரு கண்ணைச் சுருக்கி மூடிக்கொள்வது இந்நோயின் நன்கு அறியப்பட்ட அடையாளம். கண் விலகி நிற்கும் நேரத்தில் ஒரே பொருள் இரண்டாகத் தெரிய வேண்டுமல்லவா? அப்படித் தெரிவதில்லை, ஏனெனில், வளரும் பருவத்து மூளை விலகிய கண்ணின் செய்தியை அந்த நேரத்திற்கு அமுக்கி வைத்துக்கொள்ளக் கற்றுவிடுகிறது. இந்த அமுக்கம் குழந்தையைத் தொல்லையிலிருந்து காக்கிறது. ஆனால் கண்ணை மீண்டும் நேருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற தூண்டுதலையும் கூடவே எடுத்துவிடுகிறது. மறுவிலகலின் வித்து இங்கேதான் விழுகிறது.

ஐரோப்பிய இனத்தாரிடம் உள்மாறுகண் அதிகம் என்றும், கிழக்காசிய மக்களிடம் வெளிமாறுகண் அதிகம் என்றும் கணக்கெடுத்தவர்கள் காண்கிறார்கள். நம் நாட்டிலோ, மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பழைய நம்பிக்கை இன்னும் முற்றிலும் மறையவில்லை. அதனால் பல குழந்தைகள் வைத்தியரிடம் வந்து சேர்வதற்குள் அமுக்கம் நன்றாக வேரூன்றிவிடுகிறது.

சரித்திரம் தந்த முதற்பாடம்

விழித்தசையில் கத்தி வைக்கலாம் என்ற எண்ணத்தை 1838-இல் ஜெர்மானிய வைத்தியர் ஸ்ட்ரோமையர் பிரேதங்களில் செய்து பார்த்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பெர்லினில் டீஃபென்பாக், உள்மாறுகண் கொண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உள் நேர்த்தசையை அறுத்துக் கண்ணை நேராக்கினார். செய்தி ஐரோப்பா முழுவதும் பரவ, ஆயிரக்கணக்கானோருக்கு அதே முறை கையாளப்பட்டது. அறுபட்ட தசை எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு அம்முறையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எனவே, உள்ளே திரும்பியிருந்த கண்கள் நேராகி, பின்னர் மெல்ல மெல்ல வெளியே ஓடி, முன்னிருந்ததினும் விகாரமாக நின்றன. சிகிச்சையின் பெயரே கெட்டது. ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே முதலியோர் அறுவையின் அளவைக் குறைத்தும் திருத்தியும் அதன் மதிப்பை ஓரளவு மீட்டார்கள். 1922-இல் ஜேம்ஸன், அறுத்த தசையைக் கண்ணின் வெண்கோளத்தின்மீதே குறிப்பிட்ட தூரம் பின்னுக்குத் தள்ளித் தைத்துவிடும் முறையை நிலைநாட்டிய பிறகுதான் இந்த வித்தை அளவுகோலுக்குள் வந்தது.

முதல் நாள் பெற்ற நிலை முடிந்த நிலையன்று என்பதே டீஃபென்பாக் காலத்து அனுபவம் விட்டுச்சென்ற பாடம். கருவிகளும் நூலும் மாறி நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாடம் மாறவில்லை.

அளப்பதும் வெட்டுவதும்

இன்று வெளிமாறுகண்ணுக்குப் பெருவழக்காயிருக்கும் முறைகள் இரண்டு. ஒன்று, இரு கண்களிலும் வெளி நேர்த்தசையைப் பின்னுக்குத் தள்ளித் தளர்த்துவது. மற்றொன்று, ஒரே கண்ணில் வெளி நேர்த்தசையைத் தளர்த்தி, உள் நேர்த்தசையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துச் சுருக்கி இறுக்குவது. எதை எவ்வளவு செய்வது என்பது விலகலின் அளவைப் பொறுத்தது. அந்த அளவு பிரிசம் டயாப்டர் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் விலகுவது ஒரு டயாப்டர்.

அளக்கும் காட்சியை அருகிலிருந்து பார்த்தவர்க்குத்தான் அதன் நுட்பமும் நிச்சயமின்மையும் விளங்கும். ஆறு மீட்டருக்கு அப்பால் ஒரு படத்தையோ எழுத்தையோ காட்டிக் குழந்தையை அதையே பார்க்கச் சொல்லி, பரிசோதகர் ஒரு மறைப்பானை ஒரு கண்ணிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி வைக்கிறார். மறைப்பு நீங்கிய கண் வெளியிலிருந்து உள்நோக்கி ஓடிவந்து படத்தைப் பற்றுகிறது. அந்த ஓட்டம் நிற்கும்வரை, அடிப்பாகம் மூக்குப் பக்கம் அமையும்படி ஏந்திய பிரிசங்களைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிறார். ஓட்டம் நின்ற இடத்துப் பிரிசமே விலகலின் அளவு. ஆனால் குழந்தையின் கவனம் சிதறினாலும், இணைவுச் சக்தி முழுதும் தளராமல் எங்கேனும் பிடித்துக்கொண்டிருந்தாலும் அளவு குறைந்துவிடும். அதனால்தான் ஒரு கண்ணை அரைமணி முதல் ஒரு மணி நேரம் மூடிவைத்து, இரு கண்களின் கூட்டுறவை முற்றிலும் குலைத்தபின் மறுபடி அளப்பதும், ஜன்னல் வழியே வெகு தொலைவில் பார்க்கச் சொல்லி அளப்பதும் வழக்கமாயின. மறைந்திருந்த விலகல் அப்போது வெளிப்படுவதுண்டு. சிறிய அளவை நம்பிச் செய்த சிகிச்சை, தொடக்கத்திலேயே குறைச் சிகிச்சையாகிவிடுகிறது. பிற்பாடு மறுவிலகல் என்று பெயர் பெறுவதில் ஒரு பங்கு உண்மையில் தீராமல் விடப்பட்ட பழைய விலகலே.

அறுவை மேஜையில் கணக்கு இன்னும் நுண்ணியது. வெளி நேர்த்தசை கருவிழி ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் பின்னால் வெண்கோளத்தில் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு கொக்கியைச் செலுத்தி உயர்த்தி, தானே கரைந்துவிடும் மெல்லிய நூலை இரு ஓரங்களிலும் கோத்துக்கொண்டு, தசையை அதன் பற்றிலிருந்து விடுவித்து, கவராயத்தால் அளந்து குறித்த இடத்தில் தைக்கிறார்கள். பலரும் கையாளும் அட்டவணைப்படி, 25 டயாப்டர் விலகலுக்கு இரு கண்களிலும் ஆறு மில்லிமீட்டர். 30 டயாப்டருக்கு ஏழு. ஆக, ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு ஐந்து டயாப்டரைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஊசி குத்தும் வெண்கோளமோ அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லாத மென்சுவர். இத்தனைக்குப் பிறகும், ஒரே அளவு விலகலுக்கு ஒரே அளவு சிகிச்சை பெற்ற இரு குழந்தைகள் ஒரே பலனைக் காட்டுவதில்லை.

மிகைத் திருத்தம் என்னும் சாமர்த்தியம்

சிகிச்சைக்குப் பின் கண் வெளிநோக்கி மெல்ல நகர்வது விதிவிலக்கன்று. அதுவே பொது விதி. முதல் சில வாரங்களில் நகர்வு வேகமாகவும், பின்னர் ஆண்டுக்கணக்கில் மந்தமாகவும் தொடர்கிறது. இதை முன்னறிந்த வைத்தியர்கள், முதல் நாள் கண் சரியாக நேராயிருந்தால் அது போதாது என்றும், சற்று உள்நோக்கித் திரும்பி நிற்கும்படி மிகையாகத் திருத்தினால்தான் நாளடைவில் நேரில் வந்து நிலைக்கும் என்றும் கருதத் தலைப்பட்டார்கள். 1969-இல் ராப், பார்க்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த அபிப்பிராயத்திற்கு வலுவூட்டியது. அன்று முதல், சுமார் பத்து டயாப்டர் தற்காலிக மிகைத் திருத்தம் பலரின் இலக்காயிற்று.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்திற்கும் விலை உண்டு. உள்நோக்கித் திரும்பிய கண்ணால் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் சில நாட்கள் அல்லது வாரங்கள் எதையும் இரட்டையாகக் காண்கிறார்கள். அது தானே அடங்கிவிடும். சிறு குழந்தையோ இரட்டைக் காட்சியைப் பொறுத்துக்கொண்டிராமல் ஒரு கண்ணை அமுக்கிவிடும்; திரும்பிய நிலை நீடித்தால் அந்தக் கண்ணின் பார்வை மந்தமாகவும், இரு கண்களும் சேர்ந்து பொருளின் தூரத்தை உணர்த்தும் ஆழப்பார்வை அதுவரை இருந்தது அழியவும் கூடும். சிகிச்சைக்கு உகந்த வயது பற்றிய நெடிய விவாதம் இங்கிருந்தே பிறந்தது. அமுக்கம் வேரூன்றுமுன் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று நாப் முதலியோர் வாதிட்டார்கள். பிஞ்சுப் பருவத்தில் மிகைத் திருத்தம் நேர்ந்தால் இழப்பு பெரிது, ஆகவே பொறுத்துச் செய்ய வேண்டும் என்று ஜம்போல்ஸ்கி வாதிட்டார். இரு தரப்பும் அஞ்சியது ஒன்றையே: இரு கண்ணால் ஒன்றாகக் காணும் சக்தியின் இழப்பை. அது போய்விட்டால் கண்ணை நேரில் பிடித்து வைக்க எந்தக் கத்தியாலும் இயலாது.

எண்கள் சொல்வது

ஆளுக்கொரு அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருந்த நிலை, சீட்டுக் குலுக்கியதுபோல் நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆராய்ச்சிகளால் மெல்ல மாறியது. தூரத்திலும் அருகிலும் ஒரே அளவாக விலகும் வகைக்கு ஒரு கண்ணில் தளர்த்தி இறுக்கும் முறை ஏற்றது என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வந்ததை 1998-இல் அமெரிக்கரான குஷ்னர் சோதித்து, அம்முறையில் நூற்றுக்கு 82 பேரும், இரு கண்ணிலும் தளர்த்தும் முறையில் 52 பேரும் திருப்தியான பலன் பெற்றதாக அறிவித்தார்.

பீடிக் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்கக் குழந்தைகள் கண்நோய் ஆராய்ச்சிக் குழு இதே கேள்வியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. மூன்று வயது முதல் பதினொன்றுக்குட்பட்ட 197 குழந்தைகளை இரு முறைகளுக்கும் பிரித்து, 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் திருப்தியற்ற நிலையை எட்டியோர் இரு கண்ணிலும் தளர்த்தும் முறையில் நூற்றுக்கு 46, மற்றதில் 37. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றே கணக்கியல் தீர்ப்பளித்தது. அதே குழந்தைகளை எட்டாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது எண்கள் 68, 53 என்று உயர்ந்தன; மறு அறுவை பெற்றோர் முறையே நூற்றுக்கு 30, 11. திருப்தியற்ற நிலை என்பதற்கு இவர்கள் கொண்ட வரையறை கடுமையானது: பத்து டயாப்டர், அதாவது ஆறு பாகைக்கும் குறைவான விலகல் மீண்டும் தென்பட்டாலே போதும். பக்கத்து வீட்டாரின் கண்ணுக்குப் புலப்படாத விலகலும் இக்கணக்கில் அடங்கிவிடும். அப்படியிருந்தும், மூன்றாம் ஆண்டில் பாதிக்குக் குறைவாக இருந்தது எட்டாம் ஆண்டில் பாதியைத் தாண்டியது என்ற உண்மை மறைவதில்லை. ஆறு மாதத்து வெற்றி விகிதத்தையும் பத்தாண்டு வெற்றி விகிதத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் எந்த விளம்பரமும் படிப்போரை ஏமாற்றுவதே.

இதன் மறுபக்கமும் சிந்திக்கத் தக்கது. சிகிச்சையே செய்யாமல் கவனிப்பில் மட்டும் வைக்கப்பட்ட 183 குழந்தைகளில் மூன்று ஆண்டுகளில் நிலை மோசமானதாகக் கணக்கிடப்பட்டோர் நூற்றுக்குச் சுமார் 15 பேரே. ஆழப்பார்வை நன்றாயிருந்து, விலகலைக் குழந்தை தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்வரை, அவசரம் பெற்றோருக்கு இருக்கலாம், நோய்க்கு இல்லை.

காரணங்களின் கோவை

மறுவிலகலுக்கு ஒரே காரணம் இல்லை. தசையிலும் தழும்பிலும் கிடப்பவை சில. தைத்த இடத்தில் உருவாகும் தழும்பு நாளடைவில் நீண்டு கொடுத்தால், இறுக்கிய தசை தளர்ந்துவிடும். அபூர்வமாகத் தசையே தன் உறைக்குள் வழுக்கிப் பின்னால் போய்விடுவதும் உண்டு. தசை உயிருள்ள பொருள் என்பது மற்றொரு காரணம். விழியை ஒரு பக்கமாகப் பல வாரங்கள் நிறுத்தி வைத்தால், தசை நாரின் சிற்றலகுகள் கூடியும் குறைந்தும் புதிய நீளத்திற்கு ஏற்பத் தசை தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதை ஆலன் ஸ்காட் விலங்குகளிடம் காட்டினார். மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை பழைய விலகலையே ஆதரிப்பதாயிருந்தால், தசை அந்தக் கட்டளைக்கேற்ப மீண்டும் உருமாறிக்கொள்ளும்.

இதனினும் முக்கியமானது பார்வையின் நிலை. ஒரு கண் காயத்தாலோ புரையாலோ பார்வை இழந்து அதனால் விலகியிருந்தால், இரு பிம்பங்களை ஒன்றாக்கும் வேலையே அங்கு இல்லை. அத்தகைய கண்ணை நேராக்கினாலும் பிடித்து வைப்பார் இல்லாததால் அது மறுபடி விலகுவது மிக இயல்பு. திருத்தப்படாத கிட்டப்பார்வையும், இரு கண்களின் கண்ணாடி அளவு வெகுவாக மாறுபட்டிருப்பதும் இணைவைத் தளர்த்துகின்றன. இங்கே தசையைத் திருத்துவது கடிவாளத்தின் நீளத்தைத் திருத்துவதற்கு ஒப்பாகும். குதிரைகளை ஒரே வழியில் செலுத்துவது வண்டிக்காரனின் வேலையாகவே மிஞ்சுகிறது. எனவேதான், சிகிச்சைக்கு முன் ஆழப்பார்வை நன்றாக இருந்தவர்களிடம் பலன் நீடிக்கவும், அது குன்றியவர்களிடம் விரைவில் தேயவும் காண்கிறோம்.

மீண்டும் விலகினால்

மறுவிலகல் கண்டவுடன் மறு அறுவை என்று முடிவு கட்டத் தேவையில்லை. முதலில் கண்ணாடி அளவு சரிபார்க்கப்பட வேண்டும். வளரும் பிள்ளையின் கிட்டப்பார்வை ஓராண்டில் கூடியிருக்கக்கூடும். சிறிய விலகலுக்குப் பிரிசம் பதித்த கண்ணாடியும், அருகில் குவிக்கும் சக்தி குறைந்தோருக்குப் பயிற்சியும், சில வேளை ஒரு கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைப்பதும் உதவுகின்றன. தேவைக்கு மேல் மைனஸ் லென்ஸ் கொடுத்துக் கண்ணின் குவிப்பு முயற்சியைத் தூண்டும் முறையையும் பீடிக் குழு சோதித்தது. 386 குழந்தைகளிடம் நடந்த அச்சோதனையில், லென்ஸ் அணிந்திருந்த காலத்தில் கட்டுப்பாடு நன்றாயிருந்தது. நிறுத்தியபின் அந்த மேன்மை நிலைக்கவில்லை. கிட்டப்பார்வையும் சற்று அதிகமாக வளர்ந்திருந்தது. ஆகவே அது காலம் கடத்த உதவும் கைத்தடி. நோயைத் தீர்க்கும் மருந்தன்று.

விலகல் பெரிதாகி, கட்டுப்பாடு கைநழுவி, ஆழப்பார்வை தேயத் தொடங்கினால் மறு அறுவை நியாயமே. முதலில் தொடாத தசையைத் தேர்ந்துகொள்வது பொதுவான நெறி: இரு வெளித்தசைகளும் முன்னரே தளர்த்தப்பட்டிருந்தால் உள் தசைகளை இறுக்குவார்கள், ஒரு கண்ணில் மட்டும் செய்திருந்தால் மறு கண்ணை எடுத்துக்கொள்வார்கள். தழும்பு படிந்த இடத்தில் கணக்கு பிசகுவது அதிகம் என்பதே இதன் காரணம். பெரியவர்களுக்கு, முடிச்சைத் தளர்வாக விட்டு, மயக்கம் தெளிந்தபின் அவர்கள் பார்க்கும் நிலையிலேயே இழுத்தும் விட்டும் சரிசெய்யும் தையல் முறையை 1970-களில் ஜம்போல்ஸ்கி பரப்பினார். அது முதல் நாள் கணக்கைத் திருத்தும், ஆனால் ஆண்டுக்கணக்கான நகர்வைத் தடுக்காது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால், மறுவிலகலை வைத்தியரின் தோல்வி என்று ஒரேயடியாகச் சொல்வதும், விதி என்று கைவிடுவதும் ஒருங்கே தவறென்பது தெளிவாகும். அறுவை தருவது ஓர் அவகாசம்: இரு கண்களும் இணைந்து செயற்படுவதற்கு ஏற்ற தூரத்தில் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த அவகாசம் எவ்வளவு நீளும் என்பது அறுத்த கையைவிட, இணைவுச் சக்தி எவ்வளவு மிஞ்சியிருந்தது, கண்ணாடி ஒழுங்காக அணியப்பட்டதா, தொடர்ந்து பரிசோதனை நடந்ததா என்பவற்றையே பெரிதும் பொறுத்தது. ஆகவே, சிகிச்சைக்கு ஒப்பும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, கண் நேராகுமா என்பதோடு நிற்கலாகாது. இந்தக் குழந்தைக்கு ஆழப்பார்வை எவ்வளவு இருக்கிறது, எட்டு பத்து ஆண்டுகள் கவனித்து வர என்ன ஏற்பாடு, இரண்டாம் அறுவை தேவைப்பட்டால் எந்தத் தசை அதற்காக விட்டுவைக்கப்படுகிறது என்பவையும் முதல் சந்திப்பிலேயே கேட்கப்பட வேண்டியவை. அவற்றிற்கு நிதானமாக விடை சொல்லும் வைத்தியரிடம் குழந்தையை ஒப்படைத்தவர்கள், பின்னொரு நாள் கண் சற்றே ஒதுங்கக் கண்டாலும், ஏமாற்றப்பட்டோம் என்று கலங்காமல் அடுத்து ஆக வேண்டியதைப் பார்ப்பார்கள்.